ஐப்பசியில் கதவு ஏன் பிடிக்கிறது?

பொரித்த அப்பளம் ஒன்றை ஐப்பசி மாதத்தில் பத்து நிமிடம் திறந்து வைத்துப் பாருங்கள். மொறுமொறுப்பு போய்விடும், ஒடித்தால் ஒடியாமல் வளையும். அதன்மேல் யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை. காற்றில் இருந்த ஈரத்தை அதுவே இழுத்துக்கொண்டது. நமுத்துப்போன அதே அப்பளத்தை வெறும் சட்டியில் போட்டுச் சூடு காட்டினால் ஈரம் வெளியேறி மறுபடி நொறுங்கும்.

வாசலில் நிற்கும் மரக்கதவு செய்வதும் இதைத்தான். அப்பளத்துக்குப் பத்து நிமிடம், கதவுக்குச் சில வாரங்கள், அவ்வளவே வித்தியாசம். மழைக்காலத்தில் கதவு நிலையோடு பிடித்துக்கொண்டு தோள் கொடுத்துத் தள்ள வேண்டியிருப்பதும், சித்திரையில் அதே கதவுக்கும் நிலைக்கும் நடுவே பல்லி புகுந்து வர இடம் விழுவதும் இதனால்தான். மதுரையில் வீடு கட்டுகிறவர்கள் வாசற்கதவு வாங்கப் போகும்போது எந்த மரம், கன அடி என்ன விலை, செதுக்கு வேலை உண்டா என்று கேட்கிறார்கள். இந்த மரம் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று கேட்பவர் அபூர்வம். முதலில் கேட்க வேண்டியது அதுதான் என்பது என் கட்சி.

வெட்டிய பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கும். மரத்தின் உள்ளே நெடுக ஓடும் நுண்குழல்களில் நிரம்பியிருப்பது ஒன்று. அந்தக் குழல்களின் சுவரிலேயே ஊறியிருப்பது மற்றொன்று. காயத் தொடங்கியதும் குழலில் நிற்கும் தண்ணீர்தான் முதலில் போகும். அப்போது மரத்தின் எடை குறையுமே தவிர அளவு மாறாது. மரத்தின் உலர்ந்த எடையில் ஏறக்குறைய 28, 30 சதவீத அளவுக்கு ஈரம் இறங்கிய பிறகுதான் சுவரில் ஊறியது வெளியேற ஆரம்பிக்கும். மரம் சுருங்குவது அங்கிருந்துதான். வெயிலில் துணியை விரித்து வட்ட வட்டமாக இட்ட அப்பளம் சாயங்காலம் எடுக்கும்போது சற்றே சிறுத்திருப்பதைச் சிந்தாமணி, அனுப்பானடிப் பக்கம் அப்பளம் இடுகிறவர்கள் தினமும் பார்க்கிறார்கள். மாவு எங்கும் போகவில்லை, தண்ணீர் போனது.

மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்குவதில்லை என்பதுதான் கதவுத் தொழிலின் உயிர்நாடி. தேக்கை எடுத்துக்கொண்டால், பச்சையிலிருந்து முற்றிலும் காயும்வரை வளையங்களை ஒட்டிய திசையில் அது சுமார் 5.8 சதவீதம் சுருங்கும். நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் 2.5 சதவீதம். நீளவாட்டில் சுருக்கம் ஒன்றுமில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். அதாவது ஏழடி உயரம் ஏழடியாகவே இருக்கும், அகலம்தான் ஆடும். சித்திரைக்கும் ஐப்பசிக்கும் நடுவே மரத்தின் ஈரம் 5 புள்ளி ஏறி இறங்குகிறது என்று வைத்தால், ஓரடி அகலப் பலகை அறுத்த விதத்தைப் பொறுத்து ஒன்றேகால் மில்லிமீட்டரிலிருந்து 3 மில்லிமீட்டர் வரை விரியும், சுருங்கும். மூன்று பலகைகளைச் சேர்த்து ஒட்டி, மூன்றடி அகலத்துக்கு ஒரே முகமாகக் கதவு செய்தால் 9 மில்லிமீட்டர்கூடப் போகலாம். ஆசாரி விடும் இடைவெளியே இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான். பிறகு எப்படிப் பிடிக்காமல் இருக்கும்?

பழைய தச்சர்கள் இந்தக் கணக்கைத் தாளில் போடவில்லை, கதவில் போட்டார்கள். சட்டம் கட்டி நடுவே பலகை செருகும் கதவு அதற்காகப் பிறந்தது. இரண்டு பக்கமும் நாலைந்து அங்குல அகலத்தில் நிற்கும் சட்டம், மேலும் கீழும் நடுவிலும் குறுக்குச் சட்டம், அவற்றில் காடி எடுத்து உள்ளே பலகை. கதவின் அகலத்தைத் தீர்மானிப்பது குறுக்குச் சட்டத்தின் நீளம். அது நீளவாட்டு மரமாதலால் அசையாது. இருபுறச் சட்டங்களும் சேர்ந்து விரிந்தால்கூட இரண்டரை மில்லிமீட்டருக்குள் அடங்கும். அகலப் பலகை தன் இஷ்டத்துக்குக் காடிக்குள்ளேயே விரிந்து சுருங்கிக்கொள்ளும். இதற்கு ஒரே நிபந்தனை, பலகையைக் காடியில் பசை போட்டு ஒட்டவோ ஆணி அடித்து இறுக்கவோ கூடாது. அவசர வேலையில் இதுதான் முதலில் கெடுகிறது. ஒட்டிய பலகைக்குச் சுருங்க இடமில்லாதபோது நட்டநடுவே பிளக்கிறது; வீட்டுக்காரர் மரத்தைத் திட்டுகிறார். கடையில் கதவைப் பார்க்கும்போது பலகையின் ஓரத்தில் விரலை வைத்து லேசாக அழுத்திப் பாருங்கள். துளி அசைவு தெரிந்தால் சந்தோஷப்படுங்கள்.

அப்பளம் இன்னொரு பாடமும் சொல்கிறது. வெயிலில் போட்ட அப்பளத்தின் மேல்முகம் முதலில் காய்ந்து சுருங்கும், அடிமுகம் ஈரமாகவே கிடக்கும். விளிம்பு மேல்நோக்கிச் சுருளும். அதனால்தான் முழுக்கக் காயும்முன் எடுத்து அடுக்கிக் கட்டிவைப்பார்கள். மேற்குப் பார்த்த வாசல் வைத்த வீட்டின் கதவு ஒவ்வொரு நாளும் மதியம் மூன்று மணியிலிருந்து இந்தப் பாட்டைப் படுகிறது. 40 டிகிரியைத் தாண்டும் மே மாத வெயில் வெளிமுகத்தில், அறைக்குள்ளே நிழல், சில வீடுகளில் ஏசிக் குளிர். ஒரு முகம் காய்ந்து மறுமுகம் காயாமல் கதவு கோணிக்கொள்கிறது. மேல் மூலை நிலையில் உட்காரும், கீழ் மூலை உட்காராது. தாழ்ப்பாள் நாதாங்கியில் விழாது. கருங்காப்பி நிறச் சாயம் அடித்திருந்தால் வெயிலை இன்னும் கூடுதலாகக் குடிக்கும். மேற்கு வாசலுக்கு வெளிர் நிறமே புத்திசாலித்தனம்; படத்தில் பார்க்கும் அழகு வேறு விஷயம்.

பிளஷ் கதவு என்று நாம் வாங்குவதும் இங்கேதான் சறுக்குகிறது. உள்ளே மரக்கட்டைகளை அடுக்கி, இரண்டு முகத்திலும் ஒட்டுப்பலகை ஒட்டிய கதவு அது. ஒட்டுப்பலகையில் ஒரு ஏடு நெடுக்காகவும் அடுத்த ஏடு குறுக்காகவும் இருப்பதால் ஒன்று விரியப் பார்த்தால் அடுத்தது பிடித்து நிறுத்தும். நல்ல தந்திரம். அதைக் கெடுப்பவர்கள் நாம்தான். வெளிமுகத்தில் மட்டும் சன்மைக்கா ஒட்டி, உள்முகத்தைச் சும்மா விட்டுவிடுகிறோம். ஒரு முகம் மூச்சுவிட முடியாமல் அடைபட்டிருக்க, மறுமுகம் ஈரத்தை வாங்கியும் விட்டும் கொண்டிருக்கும். கதவு வில்லாக வளையாமல் என்ன செய்யும்? எதை ஒட்டினாலும் இரண்டு முகத்திலும் ஒட்ட வேண்டும். ஐ.எஸ். 2202 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், எந்தப் பசை என்றும் கேளுங்கள். பி.டபிள்யூ.பி. என்றால் கொதிநீரையும் தாங்கும் பசை. எம்.ஆர். என்றால் வெறும் ஈரப்பதத்தைத் தாங்குவது. படுக்கையறைக்குப் போதும், தெருவாசலுக்கு ஆகாது.

இனி மரம். பர்மாத் தேக்கு என்ற சொல்லுக்கு நம் பக்கம் இன்னும் மந்திரசக்தி உண்டு. பர்மாவில் வட்டித்தொழில் செய்த நகரத்தார் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய தேக்கு செட்டிநாட்டு வீடுகளில் நிலையாகவும் தூணாகவும் இன்றும் நிற்கிறது. 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது அந்தப் போக்குவரத்து அறுந்தது. மியான்மர் அரசு 2014 ஏப்ரல் முதல் உருட்டுக்கட்டை ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது. இன்று தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வரும் தேக்கில் பெரும்பகுதி ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கத் தோட்டங்களில் வளர்ந்தது. தோட்டத் தேக்கு கெட்ட மரம் இல்லை. நிலம்பூரில் 1840களில் பிரிட்டிஷார் நட்டதும் தோட்டத் தேக்குதான். ஆனால் வயதுக்கு முன் வெட்டினால் உள்மரமான வைரம் குறைவாகவும் வெளிமரமான வெள்ளை கூடுதலாகவும் இருக்கும். கரையானை அண்டவிடாத எண்ணெய்ப்பசை வைரத்தில்தான் உண்டு; வெள்ளையைக் கரையான் விரும்பித் தின்னும். தேக்கு என்ற பெயர் ஒன்றையே நம்பி வாங்கி, ஓரமெல்லாம் வெள்ளை ஓடிய பலகையை வீட்டுக்குக் கொண்டுவருவதைவிட, வைரம் பாய்ந்த வேம்போ வேங்கையோ எவ்வளவோ மேல். சமவெளிக் கிராமங்களில் வேப்பமர நிலையும் கதவும் தலைமுறை கடந்து நிற்பதற்குச் சாட்சி தேட வேண்டியதில்லை. உண்மையான பழைய பர்மாத் தேக்குதான் வேண்டும் என்றால் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவுக்குப் போங்கள். இடித்த வீடுகளின் கதவும் தூணும் அங்கே விற்பனைக்கு வரும். அந்த மரம் பல பத்தாண்டுகளாக ஐப்பசியையும் சித்திரையையும் பார்த்துப் பார்த்து அடங்கியது. கோண வேண்டியது அத்தனையும் கோணி முடித்திருக்கும்.

புது மரமானால் காய்ச்சல் முக்கியம். அறுத்த பலகைகளுக்கு நடுவே குச்சி வைத்து, காற்றோட்டமான நிழலில் அடுக்கி ஆறவிடுவார்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. சூளையில் வைத்தால் வாரக்கணக்கில் முடியும். வெயிலில் போட்டு அவசரப்படுத்தினால் மேற்பரப்பு சுருங்கி உள்ளே ஈரம் நிற்கும், வெடிப்பு நிச்சயம். காய்ந்ததா என்று தட்டிப் பார்த்தும் முகர்ந்து பார்த்தும் சொல்கிற அனுபவசாலிகள் உண்டு. எனக்கு இரண்டு ஊசி முனை கொண்ட ஈரமானியின்மேல்தான் நம்பிக்கை. ஊசியை மரத்தில் குத்தினால் மின்தடையை அளந்து ஈரத்தின் சதவீதத்தைக் காட்டிவிடும். கதவுக்குச் செய்கிற செலவில் அதன் விலை ஒரு பொருட்டே அல்ல. மதுரைக்கு 10 முதல் 12 சதவீதம் காட்டினால் நிம்மதி. 18, 20 என்று காட்டினால் மரம் எவ்வளவு உசத்தியானாலும் திரும்பி வந்துவிடுங்கள். கட்டுமான மரத்தின் ஈரத்துக்கென்றே இந்தியத் தரநிலை ஐ.எஸ். 287 இருக்கிறது, நாட்டை ஈரப்பதத்தின்படி நான்கு மண்டலங்களாகப் பிரித்து, கதவுக்கு இவ்வளவு, தரைக்கு இவ்வளவு என்று சொல்கிறது. கடைக்காரரிடம் அந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள், உங்களைப் பார்க்கும் பார்வையே மாறும்.

காய்ந்த அப்பளத்தை எவர்சில்வர் டப்பாவில் போட்டு இறுக மூடுகிறோம். கதவுக்கு அந்தக் கடமை பெயின்டுக்கும் வார்னிஷுக்கும். ஈரத்தை அவை முழுதாகத் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகின்றன. ஒரு மாத மழையில் ஏற வேண்டிய ஈரம் ஏறி முடிப்பதற்குள் தை பிறந்துவிட்டால் கதவு தப்பித்தது. ஆனால் மூடியில் விரலளவு திறப்பு விட்டால் டப்பாவால் என்ன பயன்? கதவில் அந்தத் திறப்பு மேல் விளிம்பும் அடி விளிம்பும். கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால் பெயின்டர்கள் இரண்டையும் பெரும்பாலும் தொடுவதே இல்லை. ஆனால் நிற்கும் சட்டத்தின் குழல்கள் வாய்திறந்து முடியும் இடம் அதுவேதான். பலகையின் முகத்தைவிடப் பன்மடங்கு வேகமாகத் தண்ணீர் அந்த வாய் வழியே ஏறும்.

இதோடு நம் வழக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். விடிந்ததும் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறோம். வெள்ளிக்கிழமை நிலைப்படியைக் கழுவி மஞ்சள் பூசுகிறோம். ஆக, வானத்து மழை வருஷத்தில் இரண்டு மூன்று மாதம் என்றால், வாசல்மழை வருஷம் முழுக்க. நிலையின் காலும் கதவின் அடி அரையடியும் முதலில் உளுத்துப்போவதற்குக் காரணம் இதுதான். வழக்கத்தை விடச் சொல்லவில்லை. நிலையின் காலைத் தரைக்குள் புதைக்காமல் கிரானைட் படியின்மேல் நிறுத்தச் சொல்லுங்கள். மண்ணைத் தொடும் மரம் கரையானுக்கு வைத்த விருந்து. கால் முனையிலும் சுவரைத் தொடும் முகத்திலும் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவது பழைய முறை. நாற்றமும் அழுக்கு நிறமும் உண்டுதான், வேலை செய்யும். வெளிக்கதவுக்கு மெலமைன் பாலிஷ் வேண்டாம். அது வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்கானது, வெயிலில் சில ஆண்டுகளில் தோலுரியும். வெளியே பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சு, அல்லது நிறம் உள்ள எனாமல். நிறமில்லாத பூச்சு வழியே வெயில் மரத்தை அரித்துவிடும் என்பதால், என்னைக் கேட்டால் எனாமலுக்கே ஓட்டு.

நூறாண்டு நின்ற செட்டிநாட்டுக் கதவைக் காட்டி மரத்தின் பெருமையைச் சொல்கிறவர்கள், அந்தக் கதவு எங்கே நிற்கிறது என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். முகப்பு, திண்ணை, தாழ்வாரம் என்று பல அடி உள்ளே தள்ளி, வெயிலும் சாரலும் எட்டாத இடத்தில் அது நிற்கிறது. நாம் அதே தேக்கை வாங்கி, ஓரடி சன்ஷேடுக்குக் கீழே தெருவைப் பார்த்து நிறுத்துகிறோம். கையிலிருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் வரும் என்றால், கதவில் செதுக்கும் லட்சுமியைக் கைவிட்டு மூன்றடிக்கு நிழற்கூரை போடுங்கள். எந்த மரமானாலும் ஆயுள் கூடும்.

அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்குச் சிலை கிடையாது. கதவுதான் சாமி; அதற்கே சந்தனம், அதற்கே மாலை. கதவை அவ்வளவு மதிக்கிற சீமையில் மொட்டைமாடிக் கதவை மட்டும் யாரும் மதிப்பதில்லை. வீட்டிலேயே கடினமான பிழைப்பு அதற்குத்தான். நிழல் கிடையாது, மழை நேரே அடிக்கும், காற்றில் அடித்து அடித்து மூடும். வாசலுக்குத் தேக்கு வாங்கிக் காசு தீர்ந்தபின், மிச்சத்துக்கு வந்த பிளஷ் கதவை அங்கே மாட்டுகிறோம். நாலு மழையில் அடி ஏடு பிரிந்து பூவாய் விரியும். அங்கே மரமே வேண்டாம். துத்தநாகப் பூச்சுள்ள எஃகுக் கதவு போதும். எஃகு ஈரத்தைக் குடிப்பதில்லை, வெப்பத்துக்கு மட்டும் நீளும். ஏழடி உயரத்துக்கு 30 டிகிரி ஏறினாலும் முக்கால் மில்லிமீட்டர்தான். தொட்டால் சுடும், கீழ் விளிம்பில் பூச்சு போனால் துரு ஏறும் என்ற இரண்டு குறைகளும் மாடிக்குப் பெரிதல்ல. தெருவாசலுக்கு, அதுவும் மேற்கு வாசலுக்கு என்றால், அந்தச் சூடு ஒரு தொல்லை. உள்ளே நுரை நிரப்பிய கதவாகப் பாருங்கள். யு.பி.வி.சி. ஈரத்துக்கு அஞ்சாது, ஆனால் வெப்பத்தில் எஃகைப்போல ஐந்து மடங்குக்கு மேல் நீளும். உள்ளே எஃகுக் கம்பி வைத்து வலுவூட்டியது என்றால் மட்டும் பால்கனிக்கு எடுக்கலாம். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. பலகை கொல்லைப்புறத்துக்கும் குளியலறைக்கும் நல்லது. கரையான் தொடாது. திருகாணியின் பிடிப்பு மரத்தளவு இராது என்பதால், கனமான பூட்டும் அடிக்கடித் திறப்பும் உள்ள தலைவாசலுக்கு நான் சொல்ல மாட்டேன்.

கனம் என்றதும் கீலைச் சொல்லிவிடுகிறேன். மூன்றரைக்கு ஏழடி, ஒன்றரை அங்குலக் கனம் என்றால் முழுத் தேக்குக் கதவு 55 கிலோவைத் தாண்டும். மேல்கீல்தான் இழுபடும். நாலு கீல், ஐந்து அங்குலம், எவர்சில்வர். மூன்றோடு நிறுத்தாதீர்கள். பாதுகாப்புக்கு முன்னால் ஒரு கம்பிக் கதவு போட்டுவிட்டால், மரக்கதவை இரண்டு அங்குலக் கனத்தில் செய்யும் வீம்பு தேவையில்லை. மாலைக் காற்றும் உள்ளே வரும்.

பிடிக்கிற கதவெல்லாம் மரத்தின் குற்றம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் கரிசல் மண். மழையில் ஊதி, கோடையில் வெடித்து, மேலே நிற்கும் வீட்டையே ஏற்றி இறக்கும். நிலையின் மேல் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக விரிசல் ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் நிலை கோணியிருக்கிறது. இழைப்புளிக்கு அங்கே வேலை இல்லை, கூப்பிட வேண்டியது பொறியாளரை. கரிசலுக்கென ரூர்க்கியின் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடி அகன்ற தூண் அடித்தள முறையை உருவாக்கிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. கட்டும்போதே அதைச் செய்திருந்தால் கதவுக்குப் பாதி வியாதி இராது.

சுவரில் விரிசல் இல்லை, ஐப்பசியில் மட்டும்தான் பிடிக்கிறது என்றால் ஆசாரியை உடனே கூப்பிடாதீர்கள். ஊறி நிற்கும் கதவை இழைத்தால், சித்திரையில் இழைத்த அளவும் சுருங்கிய அளவும் சேர்ந்து பெரிய சந்தாகத் திறக்கும். தை கடைசிவரை பொறுத்து, அப்போதும் உரசினால் உரசும் இடத்தை மட்டும் இழைத்து, இழைத்த அன்றே பூச்சு அடியுங்கள். புதுக்கதவைப் பங்குனி, சித்திரையில் மாட்டுகிறீர்கள் என்றால் மரம் சுருங்கிய நிலையில் இருக்கும். இடைவெளி 4 மில்லிமீட்டர் விடச் சொல்லுங்கள். கார்த்திகையில் மாட்டினால் 2 போதும். கீலில் மாட்டும் முன்பே, கதவு படுத்த நிலையில் இருக்கும்போது, அடி விளிம்புக்கு இரண்டு பூச்சு முடிந்துவிட வேண்டும். மாட்டிய பிறகு எவராலும் அங்கே தூரிகை விட முடியாது. மேல் விளிம்புக்கு, பெயின்டரின் கணக்கைத் தீர்க்கும் முன் கைபேசியைக் கதவுக்கு மேலே நீட்டி ஒரு படம் எடுத்துப் பாருங்கள். வெறும் மரம் தெரிந்தால் பணத்தை எண்ணாதீர்கள்.